கத்திரி வெயிலில் கைவேலைக் கடை: தோல் வேலை செய்கிறவர்களுக்கு

சித்திரை, வைகாசியில் கூடும் கைவினைச் சந்தைகளுக்கு விண்ணப்பம் பெரும்பாலும் தை, மாசியிலேயே முடிந்துவிடும். கத்திரி பிறந்த பிறகு யோசித்தால் அந்த வருடம் போனதுதான். தேர்வுக் குழு வைத்து ஆள் எடுக்கும் சந்தை என்றால் இன்னும் முன்னால் தொடங்க வேண்டும். பணம் கட்டிய எல்லோருக்கும் இடம் கொடுக்கும் பொருட்காட்சியில் உங்கள் பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் வாளி இருக்கும், எதிர்க்கடையில் மிளகாய் பஜ்ஜி இருக்கும். குழு வைத்துத் தேர்வு செய்யும் சந்தையில் ஒவ்வொரு கடைக்காரரும் தன் கையால் செய்ததை மட்டுமே விற்க வேண்டும். அங்கே வருகிறவர் கைவேலைக்கு விலை கொடுக்கத் தயாராக வருகிறார். அதனால்தான் அந்த இடத்துக்கு இத்தனை போட்டி.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோலுக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே பதனிடும் தோலில் மிகப் பெரும்பகுதி செருப்பு, ஷூ தொழிற்சாலைகளுக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. அதே தோலை வாங்கி, இரண்டு ஊசி வைத்துக் கையால் தைத்து, பர்ஸும் பெல்ட்டும் பையும் செய்கிறவர்கள் சிலர்தான். இந்தப் பதிவு முக்கியமாக அவர்களுக்கு. கரிகிரியில் மெருகு பூசிய மண்பாண்டம் செய்கிறவர்களுக்கும், ஓலை முடைகிறவர்களுக்கும் பொருந்துகிற இடங்களையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

எந்தத் தோல் என்பதை முதலில் எழுதுங்கள்

விண்ணப்பத்தில் 'அசல் தோல் பொருட்கள்' என்று மட்டும் எழுதுவது வீண். குழுவில் இருப்பவருக்கு அது எதையும் சொல்லாது. குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோலா, மரப்பட்டையில் பதனிட்ட தோலா, ஆடா, மாடா, எருமையா, என்ன கனம் என்று எழுதுங்கள். 'பட்டைப் பதனீட்டு மாட்டுத் தோல், 1.4 மி.மீ., மெழுகிட்ட நூலில் இரண்டு ஊசிக் கைத்தையல், ஓரம் கையால் தேய்த்து மெருகேற்றியது' என்ற ஒரே வரி போதும், செய்கிறவர் யார் என்று தெரிந்துவிடும்.

ஈ.ஐ. தோல் என்று இந்த வட்டாரத்தில் சொல்லும் கிழக்கிந்தியத் தோல், ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காய் போட்டு முடித்த பழைய முறையில் வந்தது. பிறகு ஆவாரம்பட்டையின் இடத்தில் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு பெருமளவு வந்துவிட்டது. இது வெறும் வரலாறு இல்லை, வெயில் காலக் கடைக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம். ஆவாரம், வாட்டில் இரண்டும் வெளிச்சம் பட்டால் சிவக்கும் வகை. கடுக்காய் அவ்வளவு சிவக்காது. முடிவில் கடுக்காய் போடுவதன் பலன்களில் அதுவும் ஒன்று. உங்கள் தோல் எது என்று வாங்கும் தோல் ஷாப்பிலேயே கேட்டுக் குறித்து வையுங்கள். ஒரு சின்னத் துண்டில் பாதியை அட்டையால் மூடி, மொட்டை மாடியில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். மூடாத பாதி எவ்வளவு கருக்கிறது என்பது கடை போடும் முன்பே தெரிந்துவிடும்.

ஐந்து படம்

விண்ணப்பத்தோடு பொதுவாக நான்கைந்து பொருள் படம், ஒரு கடை படம் கேட்பார்கள். முதல் சுற்றில் ஒரு விண்ணப்பத்துக்குக் குழு செலவிடுவது சில வினாடிகள். ஐந்து படமும் ஒன்றாகத் திரையில் வரும். அந்த ஐந்தும் ஒரே கையிலிருந்து வந்ததாகத் தெரிய வேண்டும். விண்ணப்பம் தோற்கும் இடங்களில் இதுவே பெரியது. ஒரு பர்ஸ், ஒரு மணிமாலை, ஒரு துணிப்பை, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு செருப்பு என்று எல்லாம் தெரியும் என்று காட்ட நினைத்தால், எதுவும் ஆழமாகத் தெரியாதவர் என்றுதான் குழு படிக்கும். அல்லது வாங்கி விற்கிறார் என்று சந்தேகிக்கும். ஒரே தோல், ஒரே நூல் நிறம், ஒரே ஓர வேலை, அதில் சின்னதிலிருந்து பெரியது வரை ஐந்து பொருள் என்று அனுப்புங்கள்.

படம் எடுக்க ஸ்டூடியோ வேண்டாம். காலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள், வீட்டின் வடக்குப் பக்க நிழலில், ஸ்டூல் மேல் சாம்பல் நிறச் சார்ட் அட்டையை மடிப்பு விழாமல் வளைத்து வைத்து, பொருளை நடுவில் வையுங்கள். வெளிச்சம் வராத பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. போனைப் பக்கத்தில் கொண்டுபோகாமல் மூன்றடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கிட்டே போனால் பர்ஸின் முன் ஓரம் வீங்கித் தெரியும். மஞ்சள் பல்பு எரியும் அறையில் எடுத்த பழுப்புத் தோல் செங்கல் நிறத்தில் வரும், கடையில் வேறு நிறத்தில் இருக்கும். பூ, காபிக் கோப்பை, பழைய புத்தகம் எதுவும் பக்கத்தில் வேண்டாம். பெயர், லோகோ தெரியக் கூடாது. பல குழுக்கள் பெயர் தெரியாமல்தான் மதிப்பெண் போடுகின்றன, தெரிந்தால் படத்தையே தள்ளிவிடுவார்கள். ஒரு படமாவது தையலும் ஓரமும் தெளிவாகத் தெரியும் நெருக்கப் படமாக இருக்கட்டும்.

கடை படம் கேட்கும் இடத்தில் பலர் திணறுகிறார்கள். இதுவரை கடையே போட்டதில்லை என்றால் படத்துக்கு எங்கே போவது? வீட்டு முற்றத்திலோ மாடியிலோ ஆறுக்கு ஆறு அடி அளந்து கயிறு கட்டி, மேஜை, துணி, பொருள் எல்லாவற்றையும் நிஜக் கடை போலவே அடுக்கி, ஆள் இல்லாமல் எடுங்கள். அது ஏமாற்று இல்லை. கடை போடும் நாளுக்கு ஒத்திகையும் ஆகிவிடும்.

தேர்வாகவில்லை என்றால் வேலை மோசம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். நகை வகையில் எப்போதும் கூட்டம் அதிகம், தோலுக்கு இரண்டு இடம்தான் ஒதுக்கியிருப்பார்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் வந்தால் சரக்கு செய்வதை நிறுத்தாதீர்கள், பத்து நாள் முன்னால் அழைப்பு வருவது உண்டு. மதிப்பெண் அல்லது கருத்து கிடைக்குமா என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள். சில அமைப்பாளர்கள் சொல்வார்கள்.

தேர்வான பிறகும் குழுவின் கண் போகாது. முதல் நாள் காலையில் அவர்கள் ஒரு சுற்று வருவார்கள், விண்ணப்பத்தில் இல்லாத பொருளை மேஜையில் பார்த்தால் எடுக்கச் சொல்வார்கள். இடம் காலியாக இருக்கிறதே என்று பஜாரில் வாங்கிய சாவிக்கொத்தை வைத்தால் அடுத்த வருடமும் சேர்ந்து போய்விடும்.

விலை: முதலில் ஒரு கார்டு பர்ஸ்

சந்தைக்குப் போய் வந்தவர்கள் 'நல்லா வித்துச்சு, ஆனா கையில ஒண்ணும் நிக்கல' என்று சொல்வதன் காரணம் அனேகமாகத் தங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்க்காததுதான். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்களை உங்கள் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கார்டு பர்ஸுக்கு அரை சதுர அடி தோல் போகிறது. வயிற்றுப் பக்கம் தளர்ந்த தோல், வடு, ஓட்டை என்று கழிவுக்குக் கால் பங்கு கூட்டுங்கள். சதுர அடி 160 ரூபாய் என்றால் தோல் 100 ரூபாய். நூல், மெழுகு, பசை 15. துணி உறை, அட்டை 20. பொருள் செலவு 135. நேரம்: வெட்ட 15 நிமிடம், ஒட்ட 10, கோடு போட்டுத் துளையிட 15, தைக்க 45, ஓரம் தேய்க்க 25, கடைசித் துடைப்பு 10. ஆக இரண்டு மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் என்றால் 200. இரண்டும் சேர்ந்து 335. கருவி தேய்மானம், கரண்ட், கடை வாடகை, போக்குவரத்துக்குக் கால் பங்கு, அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு லாபம் என்று வைத்தால் 500 ரூபாயில் வந்து நிற்கும்.

இந்த 500 ரூபாய் பர்ஸை ஒரு கடைக்காரர் 40 சதவீதக் கழிவில் கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது 300. அது 335க்குக் கீழே, அதாவது உங்கள் கூலியிலேயே வெட்டு விழுகிறது. மொத்த விற்பனைக்கு இடம் வேண்டும் என்றால் விலையைக் கூட்டவோ நேரத்தைக் குறைக்கவோ வேண்டும். சந்தையில் ஒரு விலை, கடையில் ஒரு விலை என்று வைத்தால் இரண்டு பக்கமும் பெயர் கெடும்.

இப்போது சந்தைச் செலவு. இரண்டு நாள் வாடகை 3,000, வண்டி 1,500, சாப்பாடு 1,000, சில்லறைச் செலவு 500, மொத்தம் 6,000 என்று வையுங்கள். பர்ஸ் ஒன்றில் பொருளும் கூலியும் போக நிற்பது 165 ரூபாய். 6,000 வர 37 பர்ஸ் விற்க வேண்டும். கடையில் நிற்கும் இரண்டு நாள் உங்கள் கூலி 1,600 சேர்த்தால் 47. சின்னப் பொருளை மட்டும் வைத்து ஒரு சந்தையைக் கரையேற்றுவது எவ்வளவு கடினம் என்பது இந்த ஒரு கணக்கில் தெரியும். ஒன்றில் 1,000 ரூபாய் நிற்கிற தோள்பை எட்டு விற்றாலே அந்த 7,600 வந்துவிடும். ஆனால் பையை வாங்குகிறவர் முதலில் சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பைக்குக் கை நீட்டுவார். இரண்டும் வேண்டும்.

வாடகையைப் போல் பத்து மடங்கு விற்றால் நல்ல சந்தை என்பது கைவேலைக்காரர்களிடையே ஒரு பழைய அளவுகோல். விற்க நினைக்கும் தொகையைப் போல் இரண்டரை மடங்கு சரக்கு மேஜையில் இருக்க வேண்டும். பாதி காலியான மேஜையில் யாரும் வாங்குவதில்லை, மிச்சம் மீதி என்று நினைத்துவிடுவார்கள். 30,000 முதல் 40,000 வரை இலக்கு என்றால் சரக்கு இப்படி இருக்கலாம்: 120 ரூபாய் சாவிக்கொத்து 80, கார்டு பர்ஸ் 60, 1,200 ரூபாய் பெல்ட் 20, 2,000 ரூபாய் சின்னப் பை 8, 3,500 ரூபாய் பெரிய பை 4. மொத்த மதிப்பு 93,600. இதில் பர்ஸுக்கு மட்டும் 120 மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் கை ஓடும் என்றால் 24 நாள். மாசியிலேயே வெட்ட உட்கார வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. சித்திரையில் கை வியர்க்கும். நிறம் போடாத தோலில் வியர்வை விரல் பட்டால் கறை நிற்கும், துடைத்தால் பரவும். அதுவும் இரும்பைத் தொட்ட ஈரக் கை பட்டால் நீலம் பாய்ந்த கறுப்புப் புள்ளி விழும். பட்டைத் தோலில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் பழைய காலத்து எழுதும் மை போலவே ஆகிவிடும். புதிய புள்ளியாக இருந்தால் எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் தடவி, பிறகு ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் போகும். இரண்டு நாள் ஆனது போவது கடினம். கடையிலும் இரும்பு ஆணி, இரும்புக் கொக்கியில் பை மாட்ட வேண்டாம், மரம் அல்லது பித்தளை போதும்.

மண்பாண்டக்காரர்களுக்கும் இதே காலக் கணக்குதான். கத்திரியில் வனைந்தால் விளிம்பு சீக்கிரம் காய்ந்து அடி ஈரமாகவே நிற்கும், விளிம்பில் வெடிப்பு ஓடும். ஈரச் சாக்கு போட்டு மூடி மெதுவாகக் காயவைக்க வேண்டும். சந்தைச் சரக்கை மாசிக்குள் சுட்டு எடுத்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

பந்தல், வெயில், காற்று

வேலூரில் மே மாதம் மதியம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. சந்தை காலை பத்து மணிக்குத் திறந்தாலும் கூட்டம் மாலை ஐந்துக்குப் பிறகுதான். மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை கடை வெயிலைத் தாங்கினால் போதும், விற்பது மாலையில். கடை அமைப்பை இந்த இரண்டு பொழுதுக்கும் தனித்தனியாக யோசியுங்கள்.

மதியம் முதல் எதிரி மேற்கு வெயில். இடம் ஒதுக்கும்போது கேட்கும் வாய்ப்பு இருந்தால் கிழக்கோ வடக்கோ பார்த்த கடையைக் கேளுங்கள். மேற்குப் பார்த்த கடை கிடைத்தால் மூன்று மணிக்கு முன்பக்க மேஜையில் வெயில் ஏறும். நிறம் போடாத தோல் மேல் இன்னொரு பொருள் கிடந்தால், அது மறைத்த இடம் வெளுப்பாகவும் மற்ற இடம் கருத்தும் அச்சு விழுந்துவிடும். அந்த அச்சு எளிதில் மறையாது. அரை மணிக்கு ஒரு முறை பொருளைத் திருப்பி வையுங்கள், அல்லது மேற்குப் பக்கம் காடா துணித் திரை ஒன்றைக் கட்டுங்கள். காடா துணி வெளிச்சத்தைத் தடுத்துக் காற்றை விடும். தார்ப்பாய் இரண்டையும் தடுத்து உள்ளே அடுப்பாக்கிவிடும்.

சாமியானாப் பந்தலில் ஒரு தனிச் சிக்கல். சிவப்பு, நீலம் என்று பட்டைபட்டையாகத் துணி இருந்தால் அதன் நிறம் பொருள் மேல் விழும். நீலப் பட்டைக்குக் கீழே தேன்நிறப் பை பிணம்போல் தெரியும். வாங்குகிறவர் 'கலர் நல்லால்ல' என்று நகர்ந்துவிடுவார், காரணம் அவருக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது. கூரைக்குக் கீழே வெள்ளை வேட்டி ஒன்றை நான்கு மூலையில் கட்டிவிட்டால் நிறம் சரியாகும், கொஞ்சம் சூடும் குறையும். இரவுக்கு 9 வாட் எல்இடி பல்பு நான்கு, 4,000 கெல்வின் நிறத்தில். அதைவிட வெள்ளையான பல்பு தோலைச் செத்ததாகக் காட்டும். பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உங்களுடையதாக இருக்கட்டும், பிளக் எங்கே இருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மாலையில் கோடை மழைக்கு முன்னால் புழுதிக் காற்று அடிக்கும். அது வரும்போது ஐந்து நிமிடம்தான் அவகாசம். பத்துக்குப் பத்து மடக்குப் பந்தலை நீங்களே கொண்டுபோனால் ஒவ்வொரு காலிலும் 20 கிலோ எடை கட்ட வேண்டும். மண் மூட்டை தேடி அலைய வேண்டாம், 20 லிட்டர் தண்ணீர்க் கேன் நான்கு வாங்கிக் காலுக்கு ஒன்றாகக் கயிற்றில் இறுக்கிக் கட்டினால் போதும். தரையில் சும்மா வைத்தால் பலனில்லை. கட்டின எடைதான் நிற்கும். குடிக்க வேறு கேன் வைத்துக்கொள்ளுங்கள். மேஜையை ஓரமாக மடித்து மூடும் அளவுக்குப் பெரிய பாலித்தீன் விரிப்பு ஒன்று மேஜைக்கு அடியில் எப்போதும் தயாராக இருக்கட்டும். மழை நின்றதும் உடனே எடுத்துவிடுங்கள், உள்ளே வேர்த்தால் பூஞ்சை.

வண்டியிலும் கவனம். வெயிலில் நின்ற மூடிய குட்டி யானை வண்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தொடலாம். தேன்மெழுகு உருகுவது 62லிருந்து 64 டிகிரிக்குள். அதற்கு முன்பே இளகி, மெழுகு தேய்த்த பர்ஸ்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, பிரிக்கும்போது மேல்பூச்சு உரிந்து வரும். ரப்பர் பசையில் ஒட்டிய மடிப்பும் சூட்டில் விடும். தையல் இல்லாமல் பசையை நம்பிய வேலை இங்கேதான் மாட்டும். ஒவ்வொன்றையும் தனித் துணி உறையில் போட்டு, காற்றோட்டம் உள்ள பெட்டியில், விடியற்காலையில் ஏற்றுங்கள். விலைச் சீட்டு ஒட்டும் ஸ்டிக்கராக இருக்கக் கூடாது, சூட்டில் பசை தோலில் இறங்கும். நூலில் கட்டிய அட்டைதான் சரி.

மண்பாண்டம் ஏற்றுகிறவர்கள் தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வைக்கோலோ கசக்கிய காகிதமோ அடைத்து, பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் அடைக்க வேண்டும். ஏலகிரி மாதிரி 14 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகும் இடத்துக்கு என்றால் பெட்டி பக்கவாட்டில் நகராமல் வண்டிக்குள்ளும் முட்டுக் கொடுக்க வேண்டும். ஓலைப் பெட்டி செய்கிறவர்களுக்கு வேறு கவலை: வறண்ட சூட்டில் ஓலை முறியும், மடிப்பில்தான் முதலில் கீறும். முந்தின இரவு ஈரத்துணி பக்கத்தில் வைத்து மூடிவைத்தால் நெகிழும். நேரடியாகத் தண்ணீர் தெளித்தால் சாயம் ஓடும்.

கடையில்

மேஜை உயரம் வழக்கமாக 30 அங்குலம், நின்று பார்க்கிறவருக்கு அது தாழ்வு. கால்களுக்கடியில் செங்கல் வைத்து 36 அங்குலமாக்கினால் குனியாமல் கையில் எடுப்பார். எடுத்தால்தான் விற்கும். விரிப்பு காடா துணியே போதும், தரை வரை தொங்கட்டும், காலிப் பெட்டிகள் உள்ளே மறையும்.

தோள்பையில் பழைய செய்தித்தாளை அடைத்து நிமிர்த்தி வையுங்கள். பெல்ட்டைச் சுருட்டி வைத்தால் யாரும் பிரிப்பதில்லை, தொங்கவிடுங்கள். பெல்ட்டில் அளவுதான் தகராறு. பேண்ட் அளவு 34 என்று சொல்வார், அவருக்குப் பக்கிள் மடிப்பிலிருந்து நடுத்துளை வரை 36 அங்குலம் தேவைப்படும். அதனால் நீளமாகவே கொண்டுபோய், அங்கேயே இடுப்பில் வைத்து அளந்து, வெட்டித் துளையிட்டுக் கொடுங்கள். துளைக் கருவி, சுத்தியல், கிரானைட் துண்டு ஒன்று, ஓரம் தேய்க்கும் மரக்கட்டை, இவ்வளவும் ஒரு கூடையில் அடங்கும்.

கண்ணெதிரே ஏதாவது வேலை நடந்தால் கூட்டம் நிற்கும். பெயர் பொறித்துக் கொடுப்பது அதற்கு ஏற்றது. தோலைப் பஞ்சில் நனைத்து, ஈரம் உள்ளே இறங்கி மேல் நிறம் திரும்பத் தொடங்கும்போது எழுத்தச்சை வைத்து அடிக்க வேண்டும். மார்கழியில் ஐந்து நிமிடம் காத்திருந்தால், கத்திரியில் இரண்டு நிமிடத்தில் அந்தப் பதம் வந்து போய்விடும். காய்ந்த பிறகு அடித்தால் எழுத்து மேலோட்டமாக நிற்கும், சொட்டச்சொட்ட ஈரத்தில் அடித்தால் ஓரம் கலங்கும். ஒரு பெயர் பொறிக்கும்போது அடுத்ததை நனைக்காதீர்கள். குரோம் தோலில் இந்த எழுத்து நிற்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

'ஏங்க, இதே பர்ஸு பஜார்ல எரநூறு ரூபாதானே?' இந்தக் கேள்வி நிச்சயம் வரும். கோபப்பட வேண்டாம், விலையையும் குறைக்க வேண்டாம். கையில் கொடுங்கள். 'இந்தப் பக்கத் தையலப் பாருங்கக்கா, திருப்பிப் பாருங்க, அந்தப் பக்கமும் அதே மாதிரி இருக்கும். ரெண்டு ஊசியும் ஒரே ஓட்டையில போய் வருது. ஒரு எடத்துல நூல் அறுந்தாலும் மத்தது பிரியாது. மெஷின் தையல் ஒரு எடம் அறுந்தா வரிசையாப் பிரிஞ்சிட்டே வரும்.' இவ்வளவுதான். வெட்டிய ஓரத்தையும் உள்பக்க நாரையும் காட்டுங்கள். தோலா இல்லையா என்று தீக்குச்சி கொளுத்திக் காட்டுவது சிலரின் பழக்கம், பொருளையும் கெடுக்கும், நம்பிக்கையையும் கெடுக்கும்.

யார் வருவார்கள் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். வேலூரில் சிஎம்சி மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் நிறைய. காட்பாடியிலிருந்து ஹவுராவுக்கு ஒரு நாளுக்கு மேல் ரயிலில் போகிறவருக்கு எடை குறைந்த, உடையாத, மடித்து வைக்கிற பொருள் வேண்டும். விலைச் சீட்டில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி இருந்தால் கேட்கத் தயங்குகிறவரும் எடுப்பார். கல்லூரிப் பிள்ளைகளை நம்பிச் சரக்கு செய்தால் மே மாதம் ஏமாற்றும், தேர்வு முடிந்து விடுதி காலியாகிவிடும். அதற்குப் பதில் கல்யாண மாதம் கை கொடுக்கும். தாம்பூலத்தோடு கொடுக்க நூறு சின்னப் பர்ஸ் கேட்பார்கள். நூறு பர்ஸ் என்றால் இருநூறு மணி நேரம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தேதி சொல்லுங்கள். பாதி முன்பணம், நிறம், எண்ணிக்கை, தேதி எல்லாவற்றையும் நகல் புத்தகத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அந்த நாளில் அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வராது.

யுபிஐ இல்லாமல் இன்று கடை இல்லை. ஆனால் கூட்டம் கூடினால் நெட்வொர்க் படுத்துவிடும். வேறு வேறு வங்கியின் க்யூஆர் அட்டை இரண்டு, வேறு வேறு நிறுவனத்தின் சிம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். போனை வெயிலில் வைத்தால் சூடேறித் தானாக அணைந்துவிடும், துணிக்கு அடியில் நிழலில் வையுங்கள். சில்லறைக்கு 2,000 ரூபாய்: நூறு ரூபாய் நோட்டு எட்டு, ஐம்பது ரூபாய் பன்னிரண்டு, இருபது ரூபாய் இருபது, பத்து ரூபாய் இருபது. கடைக்கு இரண்டு ஆள் கட்டாயம். ஒருவரே நின்றால் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பார், அந்த வெயிலில் அது ஆபத்து. மோர், உப்புக்கரைசல் பொட்டலம் பெட்டியில் இருக்கட்டும்.

காகிதங்கள்

கைவினைஞர் அடையாள அட்டை, அதாவது ஜவுளி அமைச்சகத்தின் கைவினை ஆணையர் அலுவலகம் கொடுக்கும் பெஹ்சான் அட்டை, இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். அரசு நடத்தும் சந்தைகளில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

இங்கிருந்து சித்தூரும் பெங்களூரும் கிட்டேதான், ஆனால் இரண்டும் வேறு மாநிலம். கைவினைப் பொருள் செய்கிறவர்களுக்கு வெளிமாநிலத்தில் விற்க, ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவிலிருந்து விலக்கு உண்டு. பெரும்பாலும் கையால் செய்த தோல் பைகளும் பர்ஸ்களும் அந்தப் பட்டியலில் வருகின்றன. ஆனால் பான் எண் வேண்டும், சரக்கின் மதிப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டான இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை அது தேவையில்லை என்பதால் பலர் எல்லை தாண்டும்போதும் அப்படியே நினைத்துப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். கிளம்பும் முன் ஒரு கணக்காளரிடம் அந்த வருட விதியைக் கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்தபின்

மிச்சச் சரக்கை அன்றிரவே பெட்டியிலிருந்து எடுத்து விரித்து வையுங்கள். புழுதியை உலர்ந்த தூரிகையால் தட்டி, விறைத்துப் போனவற்றுக்கு மட்டும் மிகக் கொஞ்சம் எண்ணெய். அதிகம் போட்டால் தோல் கருத்துத் தொய்ந்துவிடும். வெயில் அச்சு விழுந்தவற்றைத் தனியாக எடுத்துக் கரும்பழுப்புச் சாயம் போட்டால் அடுத்த சந்தைக்கு ஆகும். எது எத்தனை மணிக்கு விற்றது, எந்த நிறத்தைக் கேட்டு இல்லாமல் திரும்பினார்கள், எந்தப் பையை எல்லோரும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள் என்பதை மறக்கும் முன் எழுதுங்கள். எடுத்துப் பார்த்து வைத்த பையில் பெரும்பாலும் ஒரே குறைதான் இருக்கும், வார் நீளம். புடவைக்கும் சுடிதாருக்கும் தொங்கும் உயரம் வேறு. பக்கிள் ஒன்று சேர்த்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி மாற்றி, மாசியில் அந்தப் பையையே முதலில் வெட்டுங்கள்.